சம்பந்தி வீட்டுச் சக்கரம்

...காத்து கம்மியா இருக்குமாம். காத்து. சக்கரம் டொக்கு டொக்குன்னு அடிச்சுக்குது, இவன் காத்துங்கறான். டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது அவிஞ்சு போனவன் அந்த சகின்பாய், எங்க பக்கத்து வீட்டுக்காரன், அவன் பேச்சைக் கேட்டு நான்... உக்காரு தம்பி, உக்காரு. இந்தப் பக்கமா உக்காரு, அங்க பலகையில ஆணி நீட்டிக்கிட்டிருக்கு. உன் வண்டிக்கு என்ன, பஞ்சரா? அவ்வளவுதானே. அதெல்லாம் ஒரு வியாதியா. அதோ இந்தக் கடைக்காரன் பின்பக்கம் தூக்கி வெச்சிருக்கானே வெள்ளை வண்டி, அது எங்களுது. பாக்க மணப்பொண்ணு மாதிரி ஜோரா இருக்கும். ஓட்டிப் பாரு, வண்டவாளம் தெரியும்.

இந்தா, வாயைத் தொற. என்ன முழிக்கறே, குருத்துதான், தயிர்க்கட்டி. பிஷ்கெக் பட்டணத்துக்காரனா நீ? அதான். கடையில விக்கறதைத் தின்னு வளந்திருப்பே. அதெல்லாம் சுண்ணாம்பு. இது என் கையால பண்ணினது. தயிரைத் துணியில கட்டித் தொங்க விட்டு, சொட்டுத் தண்ணி இல்லாம வடிச்சு, உப்புப் போட்டு உருட்டி, மலை மேல கோடை பூரா வெயில்ல காய வெச்சது. ஐயோ, கடிக்காத. பல்லு போயிடும். கன்னத்துல அடக்கி வெச்சுக்கோ. அரை நாள் ஆகும் கரையறதுக்கு. இந்தக் கோச்கோர் ஊரு பூரா தேடினாலும் இவ்வளவு கெட்டியா உருட்டற கை கிடையாது. பாரு, ஒவ்வொண்ணுலயும் சாய்வா ஒரு பள்ளம் இருக்கும். என் மோதிர விரலு. குதிரை மிதிச்சுக் கோணிப் போச்சு. சந்தையில அந்தப் பள்ளத்தைப் பாத்துத்தான் வாங்குவாங்க. ஷைர்புபு குருத்தான்னு கேட்டு வாங்குவாங்க. ஷைர்புபு நான்தான். ம்... பேச முடியலைல்ல? அதான் நல்ல குருத்து.

எங்க விட்டேன்? ஆங், காத்து. சகின்பாய் வந்தான், டயரை ஒரு உதை விட்டான், காத்து கம்மின்னான். அடிச்சான். சத்தம் போகல. இப்ப காத்து ஜாஸ்தின்னான். புடுங்கினான். போகல. அப்புறம் டீயைக் குடிச்சான், ரொட்டியைத் தின்னான், ஜாமை வழிச்சு நக்கினான், இது வண்டியோட சுபாவம்னு சொல்லிட்டுப் போயிட்டான். சுபாவமாம். இவன் சொன்ன வைத்தியத்துல அது ஒண்ணுதான் உருப்படி. சுபாவம்தான். எங்கேருந்து வந்ததோ அந்த வீட்டுச் சுபாவம்.

எங்கேருந்து வந்ததுன்னா, நாரின்லேர்ந்து. மலைக்கு அந்தப் பக்கம். என் மகன் ஜொல்டோஷுக்கு இந்த வருஷம் ஆடுங்க மலையிலேர்ந்து இறங்கின கையோட கல்யாணம். பொண்ணு பேரு சைகல். அவ அப்பா தோக்தோசுன் மாட்டு டாக்டரா இருந்து ஓய்வானவர். அவர்தான் இந்த வண்டியைக் குடுத்தார். நாங்க கேக்கல தம்பி. சத்தியமாக் கேக்கல. அவரு ஓட்டிக்கிட்டிருந்த வண்டி, வீட்டுக்கு இருந்ததே அது ஒண்ணுதான், அதைக் கழுவித் துடைச்சுப் பொண்ணு கையில சாவியைக் குடுத்துட்டு இப்ப அவர் மினிபஸ்ல போறாராம். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு பாத்தியா? ஊரெல்லாம் இதே பேச்சு. ஷைர்புபுவுக்கு வாச்ச சம்பந்தி மாதிரி வருமான்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஏன் குடுத்தார்னு நீ கேளு. அவர் வாயாலயே சொன்னார், கல்யாணப் பந்தியில எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு: "மலைக்கு அந்தப் பக்கம் பொண்ணைக் குடுத்திருக்கோம், நினைச்சா வந்து பாக்கட்டும்." கேட்டியா கதையை? மருமக இன்னும் எங்க வீட்டு அடுப்பைக் கூடப் பத்த வெக்கல, அதுக்குள்ள திரும்பிப் போறதுக்கு வண்டி. இவரெல்லாம் ஒரு அப்பன்.

வந்த அன்னிக்கே சத்தம் தம்பி. அன்னிக்கே. வாசல்ல வண்டி வந்து நின்னுது, முறைப்படி எல்லாம் பண்ணினோம். பொண்ணு மேல, வண்டி மேல எல்லாம் இறைக்கணுமில்ல, மத்தவளுங்க என்ன பண்றாளுங்க, கடையில மலிவு மிட்டாயா வாங்கிக் கைநிறைய விசிறறாளுங்க. காகிதம் பெரிசு, உள்ள மிட்டாய் சிறிசு. நான் அப்படி இல்ல. நல்ல வெள்ளைக் குருத்தா பொறுக்கி மடி நிறையக் கட்டிக்கிட்டு, பின்னாடி இடது பக்கமா நின்னு இறைச்சேன் பாரு. தகரக்கூரையில ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம். பசங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. ஒண்ணு சம்பந்தியோட வெள்ளைக் கம்பளித் தொப்பியில போய் அடிச்சுது. அவர் குனிஞ்சு எடுத்தார், ஊதினார், கும்பிட்டு வாயில போட்டுக்கிட்டார். நடிப்பு. அப்புறம் வண்டியை உள்ள விடச் சொன்னேன். ஜொல்டோஷ் எடுத்தான். டொக்கு. டொக்கு. டொக்கு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு.

என்னது? ஆமா, பின்னாடி இடது சக்கரம்தான். நீ வாயை அசைக்காத, உப்பு எச்சில்ல முழுசா இறங்கட்டும்.

இதுல அதிசயத்தைக் கேளு. பெரிய ரோட்டுல வேகமாப் போனா சத்தமே வராது. பூனை மாதிரி போகும். எங்க சந்துக்குள்ள திரும்பி மெதுவா வந்தா ஆரம்பிச்சுடும். நாரின் போற ரோட்டுல சத்தம் இல்ல, என் வீட்டு வாசல்ல மட்டும் சத்தம். இது வண்டி பேசற பேச்சா, ஆளு சொல்லிக் குடுத்து அனுப்பின பேச்சான்னு நீயே சொல்லு. ஊர் உலகத்துக்கு நல்லது, எனக்கு மட்டும் டொக்கு.

விடுவேனா. ஜொல்டோஷை உக்கார வெச்சு மெதுவா ஓட்டச் சொல்லிட்டு, நான் சக்கரத்துக்குப் பக்கத்துலயே குனிஞ்சு காதை வெச்சுக்கிட்டு நடந்தேன். சந்து இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். எல்லா வீட்டுக் கதவும் திறந்துது. நாயெல்லாம் பின்னாடியே வருது. ஒருத்தி கேக்கறா, என்ன ஷைர்புபு, காசு கீசு தொலைச்சிட்டியான்னு. மானம் போச்சு. யாரால? என்னாலயா?

என் தம்பி வந்தான், அவன் லாரி ஓட்டறவன், பேரிங்னான். மச்சினன் வந்தான், பிரேக்னான். ரெண்டு பேரும் பேரிங்கா பிரேக்கான்னு அடிச்சுக்கிட்டு இப்ப பேச்சுவார்த்தை இல்ல. குறி சொல்றவ ஒருத்தி இருக்கா மேல ஊருல, அவளைக் கூட்டிட்டு வந்தேன். சிரிக்காத, வேற வழி இல்லாமத்தான். வந்தா, சக்கரத்தைத் தடவினா, கண்ணை மூடினா, நீலத் தலைத்துணி கட்டினவ கண்ணு பட்டிருக்குன்னா. நீலத் தலைத்துணி. சந்தையில பாதி பேரு நீலம்தான் கட்டியிருக்காளுங்க. ஆனா எனக்கு சுருக்குன்னுது. கல்யாணத்தன்னிக்கு சம்பந்தியோட பொண்டாட்டி என்ன கட்டியிருந்தா? நீலம். அப்புறம் குறிகாரி கண்ணு கழியறதுக்கு ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்திப் புகை போட்டா, சக்கரத்துக்குப் போட்டா பரவால்ல, கதவைத் தொறந்து உள்ளயும் போட்டா, சீட்டுல ஓட்டை விழுந்துது. சத்தம் அப்படியே இருக்கு. சத்தத்தோட இப்ப ஓட்டையும் இருக்கு.

ஜொல்டோஷ் என்ன சொன்னான்னா, அம்மா, ஏதாவது சின்னக் கல்லு உள்ள மாட்டியிருக்கும், விடுன்னான். கல்லாம். கல்யாணம் ஆனதும் இவனுக்கு மூளை கல்லாப் போச்சு. பொண்டாட்டி வீட்டு வண்டியில குறை சொல்ல நாக்கு வருமா? வராது. அந்தப் பொண்ணு ஒரு படி மேல. டீ ஊத்திக்கிட்டே, சத்தம் போடாம, "அத்தை, அந்த மூடியைக் கழட்டிப் பாத்துடலாமே"ன்னா.

சக்கரத்து மேல வெள்ளியா பிளாஸ்டிக் மூடி இருக்கு பாத்தியா? ஓட்டை ஓட்டையா, பூ மாதிரி? அது வழியில கழண்டு விழாம இருக்க அவ அப்பா கறுப்புப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கார். கழட்டணும்னா பட்டியை அறுக்கணும். அறுத்தா? நாளைக்கு அவர் வந்து என்ன சொல்வார்? நான் குடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துது, நீங்கதான் அறுத்துக் கெடுத்தீங்கன்னு சொல்ல மாட்டார்? நான் யாரு? ஒருத்தரையும் கை வெக்க விடல. தம்பி வந்தான், தொடாதேன்னேன். சகின்பாய் கத்தியை எடுத்தான், கையை உடைச்சிடுவேன்னேன். கட்டினவர் வந்து, கட்டினவர் கண்ணு முன்னாலதான் அறுக்கணும். குட்டு அப்பத்தானே வெளிப்படும்.

அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். மூடியைக் கழட்டலாம்னு சொன்னா இல்ல, அப்ப. சும்மா அதோட நிறுத்தியிருக்கலாம்தான். எனக்கு என்னமோ அன்னிக்கு... ஜாம் வேற அடிப்பிடிச்சுப் போச்சு. "உங்கப்பன் வண்டியில மட்டும்தான் குறையை மறைச்சு அனுப்பினானா, இல்ல இன்னும் எதுல எதுல மறைச்சானோ"ன்னுட்டேன். ஜொல்டோஷ் கையில இருந்த ரொட்டியைக் கீழ வெச்சுட்டான்.

அவ அழுதிருந்தா நான் விட்டிருப்பேன். அழல தம்பி. கிண்ணத்தையெல்லாம் கழுவினா. துடைச்சுக் கவுத்து வெச்சா. ஆணியில மாட்டியிருந்த குளிர் கோட்டை எடுத்தா, கையில போட்டுக்கிட்டா, பஸ் ரோட்டுக்கு நடந்து போயிட்டா. கோட்டை ஏன் எடுத்தா? சும்மா அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் போறவ, இந்த வெயில்ல குளிர் கோட்டை எடுப்பாளா? பனி விழறப்ப இங்க இருக்கப் போறதில்லைன்னு அர்த்தம். ஒரு வார்த்தை பேசாம சொல்லிட்டுப் போயிட்டா. நான் இவ்வளவு பேசறேன், என்னால அப்படிச் சொல்ல முடியுமா?

அன்னிலேர்ந்து இவன் வீட்டுக்குள்ள சாப்பிடறதில்ல. குதிரைக் கொட்டகையில உக்காந்து சாப்பிடறான். இன்னிக்கு வண்டியை ஓட்டிட்டு வந்தானே, வழியெல்லாம் ஒரு பேச்சு உண்டா? டொக்கு டொக்குன்னு அதுதான் பேசிட்டு வந்துது. அதோ ரோட்டோரம், பஸ் நிக்கற இடத்துல முதுகைக் காட்டிட்டு நிக்கறானே, அவன்தான். என் பக்கத்துல பலகையில உக்கார மாட்டானாம். நான் பெத்த பிள்ளை. ராத்திரி அடுப்பு ஓரமா தனியா உக்காந்து ரொட்டியைப் பிச்சு, பாதியை நாய்க்குப் போடறேன். வீடு அப்படியே வெறிச்சுன்னு கிடக்கு. அவ இருந்தது கொஞ்ச நாள்தான், ஆனா காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சு மாட்டுத் தொழுவத்துல மெதுவா ஏதோ பாடிக்கிட்டிருப்பா. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு மெதுவா.

சரி, அது கிடக்கட்டும். யார் தப்பு? சத்தத்தை அனுப்பினவங்க தப்பு. நான் சம்பந்திக்குப் போன் போட்டேன். கோச்கோர் முனையில மெடெரோட ரிப்பேர் கடை இருக்கு, அங்க வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறேன், உங்க கண்ணால பாத்துட்டு உங்க வண்டியை நீங்களே எடுத்துட்டுப் போங்கன்னேன். கத்துவார்னு நினைச்சேன். கத்தினா நானும் நாலு வார்த்தை சேத்துக் கத்தலாம், மனசு ஆறும். அவர் என்ன சொல்றார்? "சரிங்க சம்பந்தியம்மா, பொண்ணையும் கூட்டிட்டு வரேன்." அவ்வளவுதான். வெச்சுட்டார். எதுக்குக் கூட்டிட்டு வராராம்? விட்டுட்டுப் போகவா, இல்ல அவ பெட்டியை எடுத்துக்கிட்டு ஒரேயடியாப் போகவா? அதைச் சொன்னாரா? சொல்ல மாட்டார். அந்தக் குடும்பத்துல யாருமே எதையும் முழுசாச் சொல்றதில்ல.

வரட்டும். எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். முதல்ல வணக்கம் சொல்வேன், மரியாதை குறையாது. அப்புறம் இந்தப் பலகையில உக்கார வெப்பேன், ஆணி இருக்கற பக்கம். மெடெரைப் பட்டியை அறுக்கச் சொல்வேன். உள்ள துருப்பிடிச்சு இத்துப்போன இரும்பு ஒண்ணு வெளியில வரும் பாரு, அதை எடுத்து அவர் கையில வெச்சு, இதுதானா நீங்க பொண்ணுக்குக் குடுத்ததுன்னு கேப்பேன். உன் மாதிரி மூணாம் மனுஷன் ஒருத்தன் சாட்சிக்கு இருந்தா நல்லதுதான். எழுந்திரிக்காத, உன் பஞ்சர் எங்க போயிடும்.

இந்த மெடெரு இருக்கானே, இவனும் ஒரு ஆளு. இவங்கம்மாவும் நானும் ஒண்ணா மாடு கறந்தவங்க. வண்டியைத் தூக்கினான், சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தினான், சூரியகாந்தி விதையைத் துப்பிட்டு பேரிங்னான். கிட்டப் போய்ப் பாத்தானா? இல்ல. எவன் வந்தாலும் பேரிங். இவன் வீட்டுக் கோழி முட்டை போடலைன்னாலும் பேரிங்தான். சம்பந்தி வர்ற வரைக்கும் தொடாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதாம். நிக்கட்டுமே. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், அந்தக் கதைதான் இவன்...

டேய். டேய் மெடெர். யாரைக் கேட்டுடா அறுத்தே? கத்தரிக்கோலைக் கீழ போடு. நான் இங்க பேசிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு அங்க... போச்சு. மூடி கழண்டு போச்சு. பாத்துக்கோ தம்பி, நான் அறுக்கச் சொல்லல, நீதான் சாட்சி.

என்ன விழுந்துது? உருண்டு வருது பாரு. உன் கால்கிட்டதான், எடு. கல்லா? கல்லுதான். கறுப்பா இருக்கு, கிரீஸு. குடு இப்படி. அட, மகன் சொன்ன மாதிரி ஒரு கல்லு... துணி இருக்கா? பரவால்ல, பாவாடையிலயே...

...

இது கல்லுதான். வெள்ளைக் கல்லு. ஆத்தங்கரையில கிடக்கும் இந்த மாதிரி. நீ எதுக்குத் தம்பி வாயில இருக்கறதை வெளிய எடுத்துப் பாக்கறே? உள்ள போடு. உள்ள போடுன்னேன். பக்கத்துல வெச்சுப் பாக்காத. குருத்துன்னா நாடு பூராத்தான் உருட்டறாங்க, யார் வீட்டுதோ, நான் மட்டுமா... பள்ளமா? எங்க பள்ளம்? அது கல்லு பட்டுத் தேஞ்சது. சாய்வாத்தான் தேயும்.

சிரிக்காதடா மெடெர். உங்கம்மாகிட்டச் சொல்லிடுவேன்.

சக்கரத்தைச் சுத்து. இன்னொரு தடவை. இன்னும் வேகமா. ...சத்தத்தைக் காணோமே. மெதுவாச் சுத்து இப்ப. ...இல்ல. ஒண்ணும் இல்ல.

மிட்டாயை இறைச்சிருந்தா கரைஞ்சு போயிருக்கும். எல்லாரும் மிட்டாய்தானே இறைச்சாளுங்க. நான்தான் ஒசத்தின்னு... ஓட்டையைப் பாத்து உள்ள போய் உக்காந்திருக்கு பாரு. மூடியைக் கழட்டிப் பாக்கலாம்னு அந்தப் பொண்ணு சொன்னா தம்பி. சத்தம் போடாமத்தான் சொன்னா. நான் என்ன சொன்னேன். அந்த வாயி என்ன வாயி.

மெடெர், இங்க வா. கல்லுன்னு சொல்லிடு, என்ன? சம்பந்தி கேட்டா ஒரு கல்லு இருந்துது, எடுத்துட்டேன்னு. எதுக்குத் தலையைச் சொறியறே? பொய்யாம். பேரிங்னு சொன்னியே, அது மட்டும் என்னவாம்? போ, போய் இந்தத் தம்பியோட பஞ்சரைப் பாரு.

பஸ்ஸு நின்னுடுச்சா? ஜொல்டோஷ் ஓடறானே. யாரு இறங்கறது? எனக்குத் தூரத்துல மங்கலாத் தெரியுது, தூசி வேற. வெள்ளைத் தொப்பி சம்பந்தி, அது தெரியுது. பின்னாடி அவதான். நடை தெரியுதே. தம்பி, உனக்கு இளங்கண்ணு, பாத்துச் சொல்லு. பேச வேண்டாம், தலையை ஆட்டு, போதும். கையில கோட்டு இருக்கா? குளிர் கோட்டு, பழுப்புக் கலரு, காலர்ல நரிமுடி வெச்சது. நல்லாப் பாரு. பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தவ கோட்டைத் தூக்கிக்கிட்டு வர மாட்டா. இருக்கா?

தலையை ஆட்டறே.

நிஜமாத்தானே சொல்றே? இருக்கு. இருக்கு. கையில இல்ல, மேலயே போட்டுக்கிட்டு வராளா, இந்த வெயில்லயா? பைத்தியம். வேர்த்துக் கொட்டுமே. நேத்தே வந்திருந்தா சுடச்சுட ரொட்டி... இரு, என் தலைத்துணி சரியா இருக்கா? எழுந்துக்கறேன். அந்த ஆணிப் பலகையைத் திருப்பிப் போடு, சம்பந்தி உக்காருவார்.

யோசிச்சு வெச்சது ஒண்ணும் ஞாபகம் வரல. நல்லதுதான். நான் வாயைத் தொறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியாது. தப்பு என்னுதுன்னு சொல்ல ஆரம்பிப்பேன், முடிக்கறப்ப யாரையாவது திட்டிக்கிட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவ இன்னொரு தடவை கோட்டை எடுத்துக்கிட்டு நடந்தா திரும்பி வர மாட்டா.

மெடெர், சம்பந்தி கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிடு. எல்லாத்தையும் சொல்லு. பள்ளத்தையும் சொல்லு.

சக்கரத்துலேர்ந்து விழுந்த இந்தக் கட்டியை என் வாயிலயே போட்டுக்கறேன் தம்பி. கிரீஸ் கிடக்கட்டும். எறிஞ்சவதான் திங்கணும். இது கரைய அரை நாளாகும். அது வரைக்கும் அவங்க பேசட்டும்.